நாலு நிமிஷம் என்ன பண்ணின?

இன்று காலை தேக்கா மார்க்கெட்டில்...

கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடமிருந்து மெசேஜ்.

"என் மெசேஜை 10.42க்கே பாத்துட்ட. பதில் 10.46க்கு. நாலு நிமிஷம் என்ன பண்ணின?"

கையில் கத்தரிக்காயோடு அப்படியே நின்றுவிட்டேன். யோசித்துப் பார்த்தேன். நிஜமாகவே தெரியவில்லை!

இதே கேள்வி, இதே குழப்பம், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். ஆங் மோ கியோ வட்டாரத்தில், அடுக்குமாடி வீடு, ஐந்தாவது மாடி. எனக்கு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. எட்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால், சாயந்திரம் உலகமே மங்கலாகத் தெரியும்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மேலே போக மாட்டேன். எங்கள் கட்டடத்தின், அதாவது புளோக்கின், கீழே ஒரு கல் பெஞ்ச் உண்டு. அதில் பத்து நிமிஷம் உட்காருவேன். என்ன செய்வேன்? ஒன்றும் செய்ய மாட்டேன். அவ்வளவுதான்.

அவருடைய பழைய சாவி வாட்ச் இருந்தவரை பிரச்சினையே இல்லை. "ஆறரை ஆச்சா? வா, டீ போடு"ம்பார். என் பத்து நிமிஷம் அந்த ஆறரைக்குள் சௌகரியமாக ஒளிந்துகொள்ளும்.

அவர் பிறந்தநாளுக்கு சிராங்கூன் ரோட்டில் ஒரு டிஜிட்டல் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். (ஆமாம், நானேதான்! யாரைக் குறை சொல்ல?)

மறுநாள் கதவைத் திறந்ததும் வரவேற்பு:

"ஆறு முப்பத்திரண்டு."

அடுத்த நாள்: "ஆறு முப்பத்தாறு."

திட்டவில்லை, கோபப்படவில்லை. எண்ணை மட்டும் வாசித்தார். எனக்கோ திருடி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஏன் என்று இன்றுவரை புரியவில்லை!

ஒரு வாரம் கழித்து காரிடாரில் நின்றுகொண்டு கேட்டார்.

"உன் பஸ் ஆறு இருபதுக்கு வந்துடுது. நான் மேலேருந்து பாத்தேன். பன்னெண்டு நிமிஷம் எங்க போற?"

"கீழ பெஞ்சுல உக்காந்திருந்தேங்க."

"யாரு கூட?"

"யாரும் இல்ல. சும்மா."

"சும்மான்னா?"

அழுதுவிட்டேன். அழுததும் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

பெஞ்சை விட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமாக ஓடினேன். "ஆறு இருபத்திரண்டு" என்பார். அதிலும் அவர் முகத்தில் சந்தோஷமில்லை. எனக்குத் தினமும் தலைவலி. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். ஒரு வாட்சுக்காக இரண்டு பேரும் பேச்சையே குறைத்துக்கொண்டோம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. மணி பத்து.

என் வீட்டுக்காரர் கையில் பீப் பீப்.

பின் வரிசையில் பீப் பீப். பாடகர் குழுவில் பீப் பீப். (அந்த வருஷம் ஆண்கள் எல்லோர் கையிலும் மணிக்கு மணி கத்தும் அந்த வாட்ச்தான்!) ஒன்று முடிந்தால் இன்னொன்று. கடைசி வாட்ச் கத்தும்போது இவர் வாட்சில் 10.04.

ஃபாதர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். "எல்லாருக்கும் பத்து அடிச்சாச்சா? இதுல எதுப்பா சரியான மணி?"

கோயிலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் காதருகே சொன்னேன்:

"அந்தக் கடைசி வாட்ச் கணக்குப்படி, நான் தினமும் நாலு நிமிஷம் சீக்கிரமா வந்திருக்கேன்."

அவர் வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வாட்சைப் பார்த்தார்.

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினால், என் பெஞ்சில் அவர்! கையில் வாட்ச் இல்லை.

"இங்க என்னதான் இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. உக்காருங்க."

இருவரும் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்துவிட்டார்.

"உண்மையிலேயே ஒண்ணுமில்ல லா!"

எங்கள் ஊர் "லா"வை அழுத்திச் சொல்லிவிட்டு, ஒரே குழப்பத்தோடு மேலே போனார். ஆனால் அதன்பிறகு மணி சொல்லவே இல்லை. என் பத்து நிமிஷம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

நாற்பது வருஷம் நிம்மதியாகப் போனது. இப்போது, மெசேஜைப் பார்த்தாச்சு என்று காட்டிக்கொடுக்கும் இந்த நீல டிக் வந்து சேர்ந்திருக்கிறது!

மார்க்கெட்டிலிருந்தே பதில் போட்டேன்: "சும்மா நின்னேன்."

பார்த்துவிட்டார். பதில் இல்லை. ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம், ஏழு நிமிஷம்... (எண்ணிக்கொண்டிருப்பது நான்! எனக்கு எப்போது இந்த வியாதி தொற்றியது?)

தாங்க முடியாமல் கேட்டேன்: "எங்க போனீங்க?"

பதில் வந்தது.

"கீழ பெஞ்சுல உக்காந்திருக்கேன். சும்மா லா."

நண்பர்களே, நான் இப்போது "யாரு கூட?" என்று கேட்கட்டுமா, வேண்டாமா?