குளிசை வகுப்பு

மாமாவுக்குச் சயரோகம் என்று கண்டுபிடித்த நாளோடு என் பின்னேரங்கள் போயின. அப்போது நான் வோபர்ன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. தொற்றுகிற கட்டம் தாண்டி மாமா ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனாலும் நகரச் சுகாதாரப் பகுதித் தாதி ஒருவர் நாளாந்தம் வந்து, அவர் குளிசை விழுங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் இங்கிலீஷ் வராது. ஆகவே வாயைத் திறக்கச் சொல்லவும் நாக்கைத் தூக்கச் சொல்லவும் நான் வேண்டும். பந்தடிக்க யார் விட்டார்கள்?

மாமாவுக்குப் பக்கத்து நகரமான மார்க்கத்தில் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சயரோக வருத்தம் வெளியே தெரிந்தால் அவ்வளவுதான். தாதிக்குச் சீருடை இல்லாதது வசதியாகப் போக, அவர் மாமாவுக்கு இங்கிலீஷ் படிப்பிக்க வருகிறவர் என்று அம்மா கட்டடம் முழுக்கச் சொல்லிவைத்தார்.

ஒருநாள் அம்மா கதவைத் திறக்க, கொப்பியும் பேனையுமாக எதிர்வீட்டு அன்ரி வந்து நின்றார்.

"நானும் ரெண்டு எழுத்துப் படிப்பமெண்டு வந்தனான், பிள்ளை."

"அக்கா, அது தம்பிக்கு மட்டும்..."

"ஒருத்தருக்குப் படிப்பிச்சா என்ன, ரெண்டு பேருக்கெண்டா என்ன? தள்ளும், கால் உளையுது."

உள்ளே மாமா கைநிறையக் குளிசையோடு முழித்தார்.

"விற்றமின், அக்கா," என்றார் அம்மா.

"நல்லது. போடும், தம்பி."

நான் தாதியின் காதில் விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த மலிவு விற்பனைத் தாளை விரித்து, கத்தரிக்காய்ப் படத்தில் விரல் வைத்துப் பாடம் தொடங்கினார். அதன்பிறகு அன்ரி ஒருநாளும் தவறவில்லை. ஐந்து நிமிட வேலை அரை மணியாயிற்று. அழாத குறை எனக்கு.

மார்க்கத்து ஆட்கள் வந்த அன்று, அவர்களைக் கீழேயிருந்து கூட்டிவர என்னை அனுப்பினார்கள். பார்த்தால் லிஃப்டுக்குள் அன்ரி. பெண்ணின் தாயார் அவரிடமே மெல்லக் கேட்டார், "பெடியன் எப்படி?" நான் அன்ரியின் வாயையே பார்த்தேன்.

"உந்தப் பெடியனோ? நானும் அவரும் ஒரே வகுப்பெல்லோ! ஒரு நாள் விடமாட்டார். சொன்னதைச் செய்யிற பிள்ளை."

அவர்கள் முகம் மலர்ந்தது. எனக்கோ எரிச்சல், இனி இந்த வகுப்பு முடியவே முடியாது.

எங்கள் மாடியில் கதவு திறக்க, கட்டடப் பராமரிப்பாளர் நின்றார். அன்ரி வீட்டுச் சூடாக்கி பழுதாம். அன்ரி அவரைப் பிடித்து, ரீவியில் செய்தி வாசிக்கிறவர்களைப்போல மடமடவென்ற இங்கிலீஷில் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

கத்தரிக்காயில் தொடங்கி அன்ரியை இவ்வளவு கெதியில் இங்கே கொண்டுவந்துவிட்டாரே, எங்கள் தாதி எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு கதவைத் தட்டினேன்.