இடது கெண்டைக்கால்

முதல் நாள் வகுப்பு முடிந்து படியிறங்கும்போதே ஜெனிதாவுக்குக் கை பரபரத்தது. கற்றுக்கொண்டதை உடனே யார் மேலாவது செய்து பார்த்துவிட வேண்டும். முப்பத்தொன்பது வயதில், பள்ளிக்கூடத்தை விட்டு இருபத்திரண்டு வருடம் கழித்து, இப்படியொரு ஆசை தனக்கு வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அடையாறில் ஒரு வங்கிக்கு மேலே இருந்த கூடத்தில் மூன்று நாள் பயிற்சி. தசைக்கு அடியாழம்வரை அழுத்தும் டீப் டிஷ்யூ மசாஜும் மூச்சுப் பயிற்சியும். வந்திருந்த பதினெட்டுப் பேரும் ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள். ஜெனிதா பதினாலு வருடமாக உடம்பு பிடித்துவிடுகிறாள். காலையில் தி.நகரில் ஒரு மசாஜ் சென்டர், மத்தியானத்துக்கு மேல் மயிலாப்பூரில் வீடு வீடாக. புது சர்டிபிகேட் இல்லாதவர்கள் அடுத்த மாதத்திலிருந்து பாதம் மட்டும்தான் பார்க்கலாம் என்று சென்டர் மேனேஜர் சொல்லிவிட்டார். அதனால்தான் வந்தாள்.

சொல்லிக்கொடுத்த ஹம்சா ஒரு பிசியோதெரபிஸ்ட். ஜெனிதாவைவிடப் பத்து வயது சின்னவள்.

"கட்டைவிரலை மறந்துடுங்க. முன்கையை வைங்க. அவங்க மூச்சை உள்ள இழுக்கும்போது சும்மா இருங்க. வெளிய விடும்போது உங்க வெயிட்டை மெதுவா இறக்குங்க. அவ்வளவுதான்."

"அப்போ இத்தினி வருசமா நாம பண்ணிக்கினு இருந்தது பரோட்டா மாவு பிசையறதா, இன்னா?" என்றாள் பக்கத்து மேசையிலிருந்த நஸ்ருன்னிசா. ஜாம்பஜார்க்காரி. பிள்ளை பெற்ற பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவள். கூடமே சிரித்தது.

ஆனால் ஜோடி சேர்ந்து பழகியபோது ஜெனிதா அவள் முதுகில் முன்கையை வைத்து, மூச்சு வெளியேறும்வரை காத்திருந்து இறக்கினாள். கட்டைவிரல் தேயத் தேய முட்டிக்கொண்டிருந்தாலும் அசையாத இடம், தானாக இளகி வழிவிட்டது. நஸ்ருன்னிசா பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சை நிறுத்துவது சாதாரண விஷயம் இல்லை.

அன்று சாயங்காலமே விசாலாக்ஷி மாமி கூப்பிட்டிருந்தாள். தெப்பக்குளத்துக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி. எழுபத்தொரு வயது, தனி ஆள். நியூஜெர்சியில் இருக்கும் மகன் பரத்வாஜிடம் ஆறு மாதம் இருந்துவிட்டு நாலு நாளைக்கு முன்னால்தான் திரும்பியிருந்தாள். ஜெனிதாவுக்கு அந்தத் தெருவில் ஏழு வீடு. ஏழும் மாமி சொல்லிக் கிடைத்தவை.

"இருபது மணி நேரம் அந்த சீட்ல மடங்கிண்டு உக்காந்தேனா, இந்த எடது கால் கல்லா போயிடுத்துடீ. நன்னா அழுத்து."

கெண்டைக்கால் வீங்கியிருந்தது. தொட்டால் சூடு. ஜெனிதா அதைக் கவனிக்காமல் இல்லை. பயண அலுப்பு என்று நினைத்தாள். உள்ளே கயிறு போல ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. காலை வகுப்பில் ஹம்சா தசை முடிச்சு என்று சொன்னது இதைத்தான் என்று முடிவு கட்டினாள். "மூச்சை இழுங்க மாமி... இப்ப மெதுவா விடுங்க." விட்டபோதெல்லாம் முன்கையின் பாரத்தை இறக்கினாள். இருபது நிமிடம்.

"அடியே, இது என்ன புது வித்தை? இத்தனை நாளா எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றாள் மாமி கண்ணைத் திறக்காமல்.

பாலவாக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது ஜெனிதா ஜன்னலோரம் உட்கார்ந்து தன் முன்கையைப் பார்த்துக்கொண்டே போனாள். அன்றைக்கு அவளுக்கு அதன் மேல் அவ்வளவு பெருமை.

இரண்டாம் நாள் காலை ஹம்சா திரையில் ஒரு படம் போட்டாள். இரண்டு கால்கள். ஒன்று மற்றதைவிடப் பருமன்.

"யாரைத் தொடக் கூடாதுங்கறதுதான் இன்னைக்குப் பாடம். ஒரு கால்ல மட்டும் வீக்கம், சூடு, கெண்டைக்கால்ல வலி. ஆபரேஷன் ஆனவங்க, படுத்த படுக்கையா கிடந்தவங்க, ரொம்ப நேரம் ப்ளேன்ல உக்காந்து வந்தவங்க. உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். அழுத்தினா அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிடும். திடீர்னு மூச்சு வாங்கும். அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல."

மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜெனிதாவின் பேனா நின்றுவிட்டது. வலது முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, நேற்றைய சூடு அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

எழுந்து வெளியே போய் மாமிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும். மூன்றாவது முறையும் எடுக்கவில்லை. உள்ளே வந்து நேராக ஹம்சாவிடம் போய் மாமியின் காலைப் பிடித்துவிட்டதைச் சொன்னாள்.

"எப்போ?" என்றாள் ஹம்சா.

"நேத்து சாய்ந்தரம் மேடம். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான் பண்ணேன்."

ஹம்சாவின் முகம் மாறியது. "இதை நான் நேத்தே சொல்லியிருக்கணும்" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல. பிறகு வேகமாக, "போங்க. அவங்களை நடக்க விடாதீங்க. ரெண்டு காலையும் டேப் வச்சு அளந்து பாருங்க. மூணு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் இருந்தா ரொம்ப சந்தேகம். இல்லாட்டியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

ஒரு நாள் விட்டாலும் சர்டிபிகேட் கிடையாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து ஒரு நொடி நின்ற ஜெனிதாவின் கையில் அவள் பையைத் திணித்தாள் நஸ்ருன்னிசா. "இன்னா பாத்துக்கினு கீறே? காகிதம் எங்க போவுது? போ!"

ஆட்டோ அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி மந்தைவெளியில் மெட்ரோ தகரவேலிக்கு இடையில் மாட்டிக்கொண்டது. நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு என்று நேற்றுச் சொல்லிக்கொடுத்ததைச் செய்து பார்த்தாள். இரண்டுக்கு மேல் எண்ண முடியவில்லை. மாமி கூடத்தில் விழுந்து கிடப்பதுபோலவே கண்ணுக்குள் வந்தது. தகரவேலியைத் தாண்டுவதற்குள் இன்னொரு பயமும் வந்து சேர்ந்தது. அந்தத் தெரு, அந்த ஏழு வீடு. புருஷன் ஏசுராஜ் கடலுக்குப் போய் வெறும் வலையோடு திரும்பும் மாதங்களில் வீடு ஓடுவது இவள் கையால்தான். மாமிக்கு ஏதாவது ஆகியிருந்தால், உடம்பு பிடிக்க வந்தவள் கொன்றுவிட்டாள் என்பார்கள். ஒரு உயிர் என்ன ஆச்சோ என்றிருக்கும்போது இதை நினைக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் நினைத்தாள்.

கதவைத் திறந்தது மாமியேதான்.

"என்னடி, இந்த வேளையில? போன் பண்ணினியா? அது உள்ளே சார்ஜ்ல கெடக்கு. நான் பூஜையில இருந்தேன்."

ஜெனிதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வார்த்தையில் அது நின்றும் போனது.

"கால் நேத்திக்கு இன்னிக்குத் தேவலை. கார்த்தாலேருந்து மூச்சுதான் கொஞ்சம் வாங்கறது. வயசாச்சோன்னோ."

"மாமி, உக்காருங்க. ப்ளவுஸ் தைக்கிற டேப் இருக்குமே, எங்க?"

முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் இரண்டு காலையும் அளந்தாள். வலது முப்பத்திநாலு. இடது முப்பத்தெட்டரை. டேப்பைச் சுருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"மாமி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். நேத்து இந்தக் காலைத் தொட்டிருக்கவே கூடாது. எனக்குத் தெரியல. இன்னைக்குதான் சொல்லிக்குடுத்தாங்க. உள்ள ரத்தம் கட்டியிருந்தா அது நெஞ்சுக்கு வந்துடும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மாமி அவளையும் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னிக்குப் பிரதோஷம். கோயிலுக்குப் போயிட்டு வந்து நாளைக்குப் பார்த்துக்கலாமே."

"நாளைக்கு வேணாம் மாமி." டேப்போடு கையைக் கூப்பினாள். "கெஞ்சிக் கேக்கறேன்."

படியிறங்க விடாமல், வாட்ச்மேனும் ஆட்டோக்காரரும் பிளாஸ்டிக் நாற்காலியோடு மாமியைத் தூக்கினார்கள். கீழ்வீட்டுக் கதவுகள் திறந்தன. "கெட்டியாப் புடி நைனா, சாய்க்காத" என்று ஆட்டோக்காரர் முனகினார்.

"உற்சவர் மாதிரின்னா தூக்கிண்டு போறேள். குடை ஒண்ணுதான் பாக்கி" என்றாள் மாமி, நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். ஜெனிதா எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் மாமி அவள் பக்கம் குனிந்தாள். "இங்க பாரு. டாக்டர்கிட்ட நீ அழுத்தினதைப் பத்தி வாயைத் திறக்காதே. ஃப்ளைட்ல வந்தேன், வீங்கித்து, அவ்வளவுதான். பரத்வாஜ் காதுக்குப் போச்சுன்னா உன்னைத் தெருப்பக்கமே விடமாட்டான். என்னையும் தனியா இருக்க விடமாட்டான், தரதரன்னு அங்கேயே இழுத்துண்டு போயிடுவான். புரியறதா?"

ஜெனிதா தலையாட்டினாள். ஏழு வீடும் அந்தத் தலையாட்டலில் பத்திரமாக இருந்தன.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசு. காலை அழுத்தாமல் பார்த்தார், ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் கிளிப் மாட்டினார், பயணத்தைப் பற்றிக் கேட்டார். எழுதிக்கொண்டே, "கால்ல எண்ணெய் தேய்க்கறது, மசாஜ், அந்த மாதிரி ஏதாவது?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றாள் மாமி பட்டென்று.

"சரி. கால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு மத்ததை முடிவு பண்ணுவோம்."

அவர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். மாமி ஜெனிதாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி சும்மா இரு என்றது. ஜெனிதா மாமியின் மார்பைப் பார்த்தாள். மேலே, கீழே. காலையில் இருந்ததைவிட வேகம். நேற்று இதே மூச்சுக்காகக் காத்திருந்து காத்திருந்துதானே பாரத்தை இறக்கினாள்.

"டாக்டர், நான் அழுத்தினேன்" என்றாள். "நேத்து சாய்ந்தரம். இருபது நிமிசம். முன்கையால, நல்லா ஆழமா. காலையிலிருந்து இவங்களுக்கு மூச்சு வாங்குது."

டாக்டரின் கை நின்றது. அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வைக்கு மேல் திட்டு எதுவும் தேவைப்படவில்லை. "நெஞ்சு சி.டி. ஸ்கேன் முதல்ல. உடனே" என்று நர்சிடம் சொன்னார். மாமி அவள் மணிக்கட்டை விட்டுவிட்டாள்.

காலில் பெரிய ரத்தக்கட்டி இருந்தது. நுரையீரலிலும் ஒரு சின்னத் துண்டு போய் உட்கார்ந்திருந்தது. மருந்தில் கரைத்துவிடலாம், சமயத்தில் வந்தீர்கள் என்று சொன்னார்கள். ஜெனிதா டாக்டரை வராந்தாவில் மடக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் அழுத்தினதாலதான் போச்சா சார்?"

"இருக்கலாம். அதுக்கு முன்னாடியே போயிருக்கலாம். அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா."

சாயங்காலம் பரத்வாஜ் போனில் கத்தினான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. "யாரைக் கேட்டு எங்கம்மா காலைத் தொட்டேள்? ஒரு சர்டிபிகேட் உண்டா? நான் இங்கேருந்து என்ன பண்ண முடியும், சொல்லுங்கோ, நான் என்ன பண்ண முடியும்?" கடைசியில் அவன் குரல் அழுவதுபோல் ஆகிவிட்டது. ஜெனிதா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மாமி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறகு பரத்வாஜ் வந்து வீட்டோடு ஒரு நர்சைப் போட்டான். மாமி ஒரே ஒரு முறை போன் செய்தாள். "சொல்லாதேன்னேன், சொல்லிட்டே" என்றாள். பிறகு, "சொன்னதாலதான் அந்த ஸ்கேனை சட்டுனு எடுத்தாளாம்" என்றாள். வைத்துவிட்டாள். கோபமா, வேறு ஏதாவதா என்று ஜெனிதாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தெருவில் ஏழு வீட்டில் ஆறு நின்றது. யாரும் காரணம் சொல்லவில்லை. ஊருக்குப் போகிறோம், அப்புறம் கூப்பிடுகிறோம் என்றார்கள். சென்டரில் இப்போதைக்குப் பாதம் மட்டும். ஹம்சா அடுத்த பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். இந்த முறை முதல் நாளே அந்தப் படத்தைப் போடப்போவதாகவும் சொன்னாள்.

மிச்சமிருந்த ஒரு வீடு சுலோச்சனாவுடையது. போன வாரம் கூப்பிட்டாள். பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, "ரெண்டு காலும் விண்ணு விண்ணுன்னு தெறிக்கறதுடி" என்றாள். ஜெனிதா எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பையிலிருந்து டேப்பை எடுத்தாள்.

"என்னடி இது, ப்ளவுஸ் தைக்க வந்தியா, கால் பிடிக்க வந்தியா?"

"அசையாம இருங்க மாமி. எங்கயாவது ஊருக்குப் போய்ட்டு வந்தீங்களா?"

"ஏன், கும்பகோணம் வரைக்கும் போனேன். ட்ரெயின்லதான்."

வலது முப்பத்தைந்து. இடது முப்பத்தைந்தரை. அரை சென்டிமீட்டர் ஒன்றுமே இல்லை, எல்லோருக்கும் இருக்கும் என்று ஹம்சா சொல்லியிருந்தாள். புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். சூடு இல்லை. மறுபடி அளந்தாள். அதே அரை.

"எவ்வளவு நேரம்டி? எண்ணெய் போடப்போறியா இல்லையா?"

"இதோ மாமி" என்றாள் ஜெனிதா. டேப்பை மூன்றாவது தடவையாக இடது காலைச் சுற்றிக் கொண்டுவந்தாள்.