நீலக்கால் நண்டு போட்ட வாழ்த்துமட்டை

கனடாவிலிருந்து வந்த மச்சாள், என் கணவரின் அக்கா, எங்களோடு ஒரு மாதம் நின்றுவிட்டுத் திரும்பிப் போன அன்று வீட்டில் ஒரு நீலப் பெட்டி மிஞ்சியது. அவருடைய பயணப்பெட்டிக்குள் கருவாடும் ஒடியல் மாவும் பனங்கட்டியும் ஏறியதில் நிறை கூடிவிட்டது. எதையாவது இறக்கியாக வேண்டும். கருவாட்டை இறக்க அவருக்கு மனம் வரவில்லை.

"இதை நீ வைச்சிரு. உனக்குக் கைவேலை வரும்" என்று பெட்டியை என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படகேறிப் போய்விட்டார்.

நான் நெடுந்தீவில் சட்டை தைக்கிறவள். கணவர் கடலுக்குப் போகிறவர். அவர் விடியப் போனால் பத்து மணிக்குப் பிறகுதான் வீடு வருவார். அந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே வாழ்த்துமட்டை செய்கிற சாமான்கள். றப்பர் சீல்கள், கலர் கலராக மைப்பெட்டிகள், தடித்த வெள்ளை மட்டை, அவற்றுக்கெல்லாம் கீழே ஒரு பெரிய கட்டுக் கடதாசி. கோடு போட்டது, புள்ளி போட்டது, கட்டம் போட்டது, சின்ன ரோசாப்பூப் போட்டது, பழைய ஓட்டுவீட்டுச் சுவர் மாதிரி வெடிப்பு விழுந்தது. புதுத் துணி வெட்டும்போதுகூட எனக்கு அப்படி ஒரு ஆசை வந்ததில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில் அடுப்பில் வைத்திருந்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

சீல்கள்தான் உதவவில்லை. பனிப்பூ ஒன்று, கொம்பு வைத்த மான் ஒன்று, கழுத்தில் சால்வை சுற்றிய கரடி ஒன்று. கணவருடைய பிறந்தநாளுக்கு வேறு வழியில்லாமல் அந்தக் கரடியையே குத்தி, பின்னால் புள்ளிக் கடதாசி ஒட்டி, ஓரத்தில் மெசினால் ஒரு தையலும் ஓட்டிக் கொடுத்தேன்.

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அதைக் கனநேரம் பார்த்தார். "உந்தக் கரடிக்கு இவ்வளவு குளிருதோ?" என்றார்.

அன்றைக்கே எனக்குத் தேவையான றப்பர் சீல்களை நானே வெட்டுவது என்று முடிவெடுத்தேன். முதலில் அழிறப்பரில் வெட்டிப் பார்த்தேன். சின்னது, பிடிக்க ஏலவில்லை. பிறகு அறுந்துபோன றப்பர் செருப்பு ஒன்றின் அடியைப் பிளேட்டால் வெட்டினேன். அது நல்ல பதம். முதல் வெட்டிய பனைமரம் விளக்குமாறு மாதிரி வந்தது. அடுத்த திருக்கை மீன் பரவாயில்லை. அந்தத் துணிவில் 'வாழ்த்து' என்று எழுத்து வெட்டிக் கடதாசியில் குத்தினேன். எல்லா எழுத்தும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. சீலில் எழுத்தை மாறி வெட்டினால்தான் கடதாசியில் நேராக விழும் என்பது அப்போதுதான் உறைத்தது. கணவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவு மாடு தலையை நிமிர்த்திப் பார்த்தது.

கொஞ்ச நாளில் கை பழகிவிட்டது. ஆட்களும் கேட்கத் தொடங்கினார்கள். ஊரில் இருக்கிறவர்களைவிட வெளிநாட்டில் இருக்கிறவர்கள்தான் கூட. "அம்மாவுக்குப் பிறந்தநாள், வடிவா ஒரு மட்டை செய்து கொண்டுபோய்க் குடுங்கோ" என்று போனில் செய்தி வரும். நான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பின்னேரம் நாலு வீடு தள்ளியிருக்கிற அண்ணை எங்கள் படலையடியில் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நண்டு வலை போடுகிறவர். வாயைத் திறந்தால் கடற்கரை முழுக்கக் கேட்கும். அன்றைக்கு அவருடைய குரல் தொண்டைக்கு மேலே வரவில்லை.

"தங்கச்சி, ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. வாங்கோ, உதிலை கதிரை கிடக்கு, இருங்கோ."

அவர் இருக்கவில்லை. "எனக்கும் உந்த மட்டை ஒண்டு வேணும்."

"பிறந்தநாளோ?"

"இல்லை."

"கலியாணமோ?"

"அது முடிஞ்சு முப்பது வருசம்."

பிறகு கதிரையில் இருந்து கதையைச் சொன்னார். பாதி ஊர்க்கதையாக எனக்குத் தெரிந்ததுதான். இரண்டு கிழமைக்கு முன்னர் மாதா கோயிலில் முதல்நன்மை வாங்கிய ஒரு பிள்ளைக்கு விருந்து நடந்தது. நண்டுக்கறி வைத்தது இவருடைய மனைவி. முதல் பந்தியில் இருந்து சாப்பிட்ட இவர், ஒரு வாய் வைத்ததும் எல்லாருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறார்: "உப்புக் காணாது. என்ரை அக்கா வைச்சா இப்பிடி வராது." அந்த அக்காவும் அதே பந்தியில் இருந்தா. மனைவி கடைசி ஆள் சாப்பிட்டு எழும்பும்வரை சிரித்த முகத்தோடு பரிமாறினா. அடுத்தநாள் விடியப் படகில் யாழ்ப்பாணத்திலிருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டா.

"போன் எடுத்தனியளோ?"

"எடுக்காமல்? மகள்தான் எடுக்கிறாள். 'அம்மா குளிக்கிறா' எண்டிறாள். இரண்டு கிழமையா அவ குளிச்சுக்கொண்டே இருக்கிறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். "சரி அண்ணை, மன்னிப்பு எண்டு ஒரு சொல்லைப் போடுவம்."

"ஐயோ வேண்டாம். உந்தச் சொல் என்ரை வாயிலை வராது எண்டு அவவுக்குத் தெரியும். ஆரோ சொல்லிக் குடுத்தது எண்டு பிடிச்சிடுவா. ஒரு நண்டு போடும். நீலக்கால் நண்டு."

நான் ஒரு துண்டில் நண்டு கீறிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"உது குளத்து நண்டு. கடைசிக் காலைப் பாரும், துடுப்பு மாதிரித் தட்டையா இருக்கோணும். முதுகு ஓட்டிலை இரண்டு பக்கமும் முள்ளு வேணும்."

திருத்திக் கீறினேன். கொடுக்கு மெல்லிசாம். இன்னும் நீட்டினேன். இப்போது கண் சரியில்லையாம். நாலாவது தரம் கீறும்போது அவருக்குப் பொறுமை போய்விட்டது. "இஞ்சை கொண்டாரும் பிளேட்டை" என்றார். வெட்டுவதற்குச் செருப்படி ஒன்றும் மிச்சமில்லை என்றேன். குனிந்து தன் காலில் கிடந்ததைக் கழற்றி மேசையில் வைத்தார்.

மூன்று பின்னேரம் வந்திருந்து வெட்டினார். முப்பது வருசமாகக் கிழிந்த வலை பொத்திய கை. பிளேட் அவர் சொன்ன இடத்துக்குப் போய் அவர் சொன்ன இடத்தில் நின்றது. முதுகில் இருக்கிற புள்ளிகளைக்கூட ஊசி முனையால் குத்தி எடுத்தார். மூன்று நாளும் ஒரு காலில் செருப்போடும் மற்றக் காலில் மண்ணோடும் வீடு போனார்.

கடதாசியைத் தெரிந்தெடுக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. நான் ரோசாப்பூவைக் காட்டினேன். அவர் கட்டு முழுவதையும் புரட்டி, நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டதை உருவினார். "இது எங்கடை குசினி யன்னல் சீலை மாதிரிக் கிடக்கு. அவ தானே தைச்சவ."

உள்ளே என்ன எழுதுவது என்று கேட்டேன். அதை வழியிலேயே யோசித்து வைத்திருந்தார் போல.

"'உப்புக் காணும். வாரும்.' அவ்வளவுதான்."

காணும் என்றால் எங்கள் பக்கத்தில் போதும் என்று அர்த்தம். அந்த இரண்டு வரியையும் நான் வெட்டினேன். இந்தமுறை கண்ணாடியில் பிடித்துப் பார்த்துத்தான் வெட்டினேன். குத்துவதை அவரிடமே விட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையால் அமத்தினார். கையை எடுத்தபோது நீல நண்டு கட்டத்தின் மேல் உயிரோடு கிடந்தது.

எனக்கும் நூலும் லைனிங் துணியும் வாங்க யாழ்ப்பாணம் போகவேண்டியிருந்தது. மட்டையை நானே கொண்டுபோனேன். சோளகக் காற்றுக் காலம். குறிகட்டுவான் துறைக்குப் போய்ச் சேருவதற்குள் படகு எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சாப்பாட்டுப் பெட்டிக்குள் மட்டையை வைத்து மடியில் பிடித்திருந்தும் எப்படியோ ஒரு துளி உப்புத்தண்ணீர் உள்ளே போய்விட்டது. பஸ்ஸில் திறந்து பார்த்தேன். நண்டின் ஒரு கொடுக்கிலிருந்து நீல மை கசிந்து பரவியிருந்தது. திரும்பிப் போய் வேறு செய்யவா முடியும்? அப்படியே கொண்டுபோனேன்.

மகள் வீட்டு முற்றத்தில் அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவ, பேரப்பிள்ளையின் சட்டைகளைக் கொடியில் போட்டுக்கொண்டு நின்றா. என்னைக் கண்டதும், "என்ன பிள்ளை, அந்தாள் அனுப்பினவரோ?" என்றா. நான் மட்டையை நீட்டினேன். ஈரக் கையைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினா.

"இது ஆர் வெட்டினது?"

"அண்ணைதான்."

"பின்கால் சரியாத்தான் கிடக்கு." விரித்து உள்ளே வாசித்தா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தா. பிறகு நிதானமாகக் கேட்டா: "பிள்ளை, அண்டைக்குப் பந்தியிலை எத்தினை பேர் இருந்தவை?"

"ஒரு பதினெட்டுப் பேர் இருக்கும்."

"பதினெட்டுப் பேருக்கு முன்னாலை சொன்னதை எனக்கு மட்டும் காதுக்குள்ளை மாத்திச் சொன்னால் சரியோ? நீரே சொல்லும்."

அவ தேத்தண்ணி போட்டுத் தந்தா. மட்டையைத் திருப்பித் தரவில்லை என்பதை மட்டும் கவனித்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து அண்ணையிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "அவ சொல்லுறது ஞாயந்தான்" என்றார். பிறகு, "பதினெட்டு மட்டைக்குக் கடதாசி காணுமோ?" என்று கேட்டார்.

அந்தக் கிழமை எங்கள் வீட்டில் தையல் நடக்கவில்லை. நான் மட்டை வெட்டி மடித்தேன், அவர் நண்டு குத்தினார். கடற்காற்றில் மட்டைகள் சுருண்டன. என் கணவர் ஸ்திரிக்கைப் பெட்டியைத் தூக்கி வைத்து அவற்றை நிமிர்த்தினார். நீலக் கட்டம் முடிந்த பிறகு கோடு, புள்ளி, ரோசாப்பூ என்று கையில் வந்ததை ஒட்டினோம். உள்ளே எல்லாவற்றிலும் ஒரே வசனம்: 'அண்டைக்குக் கறியிலை உப்புச் சரியா இருந்தது. பிழை என்ரை நாக்கிலை.' அந்த இரண்டாவது வரியை அவராகவே சொன்னார். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோனார். சின்னத் தீவு. மூன்றாவது வீட்டுக்குப் போகமுன்னரே எட்டாவது வீட்டார் வாசலில் வந்து நின்றார்களாம். சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவர் வாசித்துவிட்டு, "எனக்கு அண்டைக்கே தெரியும், உப்பு அளவுதான்" என்றாராம். கடைசியாகத் தன் அக்கா வீட்டுக்குப் போனார். அவ கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தா.

"அப்ப என்ரை கறி?"

அண்ணை சைக்கிளில் ஏறி மிதித்த மிதியை அந்த ஒழுங்கை இன்னும் மறக்கவில்லை.

பின்னேரத்துக்குள் யாழ்ப்பாணத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இந்தமுறை அக்கா குளிக்கவில்லை. ஒவ்வொருவரும் மட்டையை வாசித்துக் காட்ட, ஒவ்வொன்றையும் முதல்தரம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தா என்று மகள் பிறகு சொன்னாள். சில பேரைத் திருப்பியும் வாசிக்கச் சொன்னாவாம்.

செவ்வாய்க்கிழமை படகில் வந்து இறங்கினா. துறையில் அண்ணை நின்றார். ஆனால் அவவைப் பார்க்க வந்ததுபோல நிற்கவில்லை. யாருடையதோ ஒரு படகு இயந்திரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் படகில் வந்த வேறொரு துணிப் பொதியை எடுக்கப் போயிருந்ததால் எல்லாவற்றையும் கண்டேன். அக்கா நேரே போய்ப் பையை அவருடைய சைக்கிள் கைபிடியில் கொழுவினா.

"சாப்பிட்டியளோ?"

"இன்னும் இல்லை."

"உங்கடை அக்கா தரேல்லையோ?"

அண்ணையின் காதுவரை சிவந்தது. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு முன்னால் நடந்தா. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனார்.

அதற்குப் பிறகு அண்ணை வெட்டுவதை விடவில்லை. காற்றுக் கூடிக் கடலுக்குப் போக ஏலாத நாட்களில் வந்துவிடுவார். எங்கள் தீவின் வெட்டவெளியில் நிற்கிற குதிரை, கற்சுவர், பாய் விரித்த வள்ளம் என்று இப்போது ஒரு தகரம் நிறையச் சீல் இருக்கிறது. அக்காவும் கூட வருவா. எந்தக் கடதாசிக்கு எந்த மை என்பதில் இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள். பெரும்பாலும் அக்கா சொல்வதுதான் சரியாக வரும்.

போன மாதம் அவர்களுடைய மகள் குழந்தையோடு வந்து நின்றாள். எல்லாருமாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அன்று, நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்ற நேரம் பார்த்து, குழந்தையின் பாதத்தில் பச்சை மையைத் தடவி மட்டையில் வைத்து அமத்திவிட்டார் அண்ணை. ஐந்து விரலும் பட்டாணி மாதிரி அச்சொட்டாக விழுந்திருந்தது. குழந்தைக்கு ஒரே புளுகம், சிரித்துக்கொண்டு மற்றக் காலையும் நீட்டியது.

"பிள்ளையின்ரை காலை என்ன றப்பர் எண்டு நினைச்சியளோ?" என்று அக்கா ஓடிவந்தா. சவர்க்காரம் போட்டுக் கழுவினோம், தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தோம். பச்சை போகவில்லை. இரண்டு நாள் அந்தக் குழந்தை ஒரு பச்சைக் காலோடு ஊர் முழுக்கத் தூக்குப்பட்டுத் திரிந்தது. மூன்றாம் நாள் கால் வெளுத்தது. மட்டையை மகள் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனாள்.