காற்றும் இல்லாத குழாய்

தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவில் ஜாசினிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வயது ஐம்பது இருக்கும். சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் குழாய் மூட்டுகளின் வெல்டிங்கை எக்ஸ்ரே படத்தில் பார்த்து, சரி என்று கையெழுத்திடுவது அவர் வேலை. பேசும்போதும் அவருடைய கட்டைவிரல் முன்னிருக்கைக் கம்பியின் வெல்டிங்கைத் தடவிக்கொண்டே இருந்தது.

என் மடியில் இருந்த பத்திரிகையில் நான் எழுதிய செய்தியை வாங்கிப் படித்தார். ஐரோப்பாவில், பூமிக்கடியில் இருபத்தேழு கிலோமீட்டர் வட்டக் குழாயில், துகள்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓட்டி மோதவிடுகிறார்கள் என்பது செய்தி.

"ஜாசின்லேருந்து மலாக்கா தூரம் வருமே தம்பி! உள்ள வேற என்ன ஓடுது?"

"ஒண்ணுமில்லண்ணே. காத்துகூட இருக்கக் கூடாது. துளி ஓட்டை இருந்தாலும் வேலை கெட்டுடும்."

"காத்துகூடவா? எத்தனை ஜாயிண்ட்டு இருக்கும்! அத்தனையும் எவனோ பாத்து சரின்னு சொல்லியிருக்கான் லா."

கம்பியைத் தடவிய கட்டைவிரல் நின்றது. பிறகு மெல்லச் சொன்னார்: "நேத்து ஒரு படத்துல முடி மாதிரி ஒரு கோடு. ஃபிலிம்ல கீறல்னு நெனச்சு கையெழுத்து போட்டுட்டேன்."

"இப்ப?"

"ஜாயிண்ட்ட வெட்டி மறுபடி வெல்டிங் பண்ணச் சொல்லப் போறேன். சூப்பர்வைசர் கத்துவாரு. வேலைகூட போகலாம். போகட்டும் லா."

மலாக்காவில் பஸ் நிற்குமுன்பே இறங்கி, சுங்கை ஊடாங் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அந்தக் கோடு விரிசலா, வெறும் கீறலா என்பது எனக்குத் தெரியாது. என் செய்தியில் துகள்களையும் விஞ்ஞானிகளையும் பற்றி முழுப் பத்தி எழுதியிருந்தேன். அந்த வட்டக் குழாயின் மூட்டுகளைப் பார்த்துச் சரி சொன்னவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.