பாலீஷ் போட்ட பல்

சின்ன வயதில் விடாத காய்ச்சலுக்குக் கொடுத்த மாத்திரைகள், பர்வேஸின் பற்களில் பட்டை பட்டையாகச் சாம்பல் நிறக் கறையை விட்டுப்போயிருந்தன. அஸ்தினாபுரத்தில் ஃபாயிசாவைப் பெண் பார்க்கப் போன அன்று, அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளை அமைதியானவர் என்று பெண் வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

திருமுடிவாக்கத்தில் எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பாலீஷ் போடும் பட்டறையில் அவனுக்குப் பத்து வருட வேலை. அவன் கைக்கு அடங்காத கறை கிடையாது. அந்த நம்பிக்கைதான் வினையானது. நிக்காஹுக்கு எட்டு நாள் இருக்கும்போது பாலீஷ் கட்டியைச் சுரண்டித் துணியில் தடவி, காலையும் மாலையும் பல்லைத் தேய்த்தான். ஐந்தாம் நாள் வாயில் தண்ணீர் பட்டதும், கரண்ட் அடித்தது போல் துடித்துப்போனான்.

குரோம்பேட்டை பல் டாக்டர் அருள்மேரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“டீக்கறைன்னா மேலாப்புல இருக்கும், க்ளீன் பண்ணா போயிடும். உங்க கறை பல்லுக்கு உள்ள இருக்குப்பா. நீங்க தேய்ச்சு எடுத்தது எனாமலை. அது திரும்ப வளராது.”

“ப்ளீச் பண்ணலாம்னு சொல்றாங்களே மேடம்? ஞாயித்துக்கிழமை நிக்காஹ்.”

“இப்ப அந்த மருந்தை வெச்சா வலியில கத்துவீங்க. கூச்சம் அடங்கினப்புறம் மாசக்கணக்கா வெக்கணும். அப்பவும் முழுசா வெளுக்கும்னு என்னால சொல்ல முடியாது. பீங்கான் உறை போட்டா வெள்ளையா தெரியும். ஆனா அதுக்கு இருக்கிற பல்லை இன்னும் ராவணும்.”

இன்னும் ராவுவதா! கூச்சத்துக்கு எழுதிக்கொடுத்த பேஸ்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். மறைக்க இனி வழியில்லை. ஒரு பெண்ணை ஏமாற்றியா வீட்டுக்கு அழைத்து வருவது? எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து ஃபாயிசா வீட்டு எண்ணை அழுத்தினான்.

எடுத்தவர் ஃபாயிசாவின் தந்தை ஹிதாயத்துல்லா.

“நிக்காஹுக்கு முன்னாடி பேசுறது நம்ம வழக்கம் இல்லியே மாப்ள...” என்று இழுத்தவர், அவன் குரலில் இருந்த தவிப்பைக் கேட்டு, “சரி, ரெண்டே நிமிசம்” என்று மகளைக் கூப்பிட்டார்.

“என் பல்லு பூரா கறையா கீது, ஃபாயிசா. அன்னிக்கு மறைச்சிட்டேன். பாலீஷ் போட்டுத் தேய்ச்சு இன்னும் கெடுத்துகினேன். வேணாம்னா இப்பவே சொல்லிடு.”

மறுமுனையில் மெல்லிய விசும்பல். பர்வேஸுக்கு உயிரே போய்விட்டது.

“இதுக்குத்தான் உர்ருனு உக்காந்திருந்தீங்களா? என்னைப் புடிக்கலைன்னு நெனச்சு மூணு வாரமா அழுதுகினு இருக்கேன். இன்னிக்கு அத்தாகிட்ட நிக்காஹ் வேணாம்னு சொல்றதா இருந்தேன், தெரியுமா?”

“ஃபாயிசா...”

“பேசாதீங்க! பாலீஷ் போட நீங்க இன்னா குக்கர் மூடியா?”

அவன் பல்லை மறைக்க மறந்தான்.

“இன்னாம்மா, ரெண்டு நிமிசம் ஆயிடுச்சே?” என்ற ஹிதாயத்துல்லாவின் குரல் பூத்து வரைக்கும் கேட்டது.

“இருங்கத்தா,” என்றாள் ஃபாயிசா. “இப்பத்தான் சிரிக்கிறாரு.”