துண்டின் கலர்

நடவு முடிந்ததும், ஒன்றாக நடவுக்குப் போகும் எங்கள் செட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து டூரிங் கொட்டகைக்குப் படம் பார்க்கப் போவது நைனார்பாளையத்தில் வழக்கம். டிக்கெட் நிலத்துக்காரர் செலவு. வருசத்தில் அந்த ஒரு படம்தான் எங்களுக்கு.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்ட சமயம் அது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் பஸ் ஓடவில்லை. அப்போது கொட்டகைக்கு ஒரு பழைய படம் வந்தது. கள்ளக்குறிச்சியில் அக்கா வீட்டுக்குப் போனபோதே அதை நான் பார்த்திருந்தேன். அதில் ஒரு நடவுக்காரி வருவாள். கறுப்பு, எடுப்புப் பல். சேற்றில் வழுக்கி விழுவதும் பண்ணையாரிடம் உதை வாங்குவதும்தான் அவள் வேலை. அவள் விழும்போதெல்லாம் அந்த ஊர்க் கொட்டகையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் பின்னால் பின்னால் போய்த்தான் நடுவோம். அவளோ நட்ட நாற்றையே மிதித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. என் புத்திதான் கோணலோ என்று இருந்தது. செட்டோடு உட்கார்ந்து இன்னொரு தரம் பார்த்தால் தெரிந்துவிடும், அவர்களும் சிரிக்கிறார்களா இல்லையா என்று.

நடவு முடிந்த அன்று தெருவில் ஆம்பளைகள் கூடிவிட்டார்கள். போஸ்டரில் பண்ணையார் தோளில் கிடந்த துண்டு, எங்கள் சாதிச் சங்கத்துத் துண்டின் கலராம்.

"வில்லன் பய தோள்ல நம்ம துண்டப் போட்டு வுட்டிருக்கான். நம்ம சாதிய கேவலப்படுத்தறதுக்குன்னே எடுத்திருக்கான்."

"நம்ம தெருவுலேருந்து ஒரு ஆளு கொட்டாய் பக்கம் போவக்கூடாது!"

அங்கே நின்ற ஒருவரும் படம் பார்த்தவரில்லை. எல்லோரையும் விட ஜாஸ்தி சத்தம் போட்டவர் என் வீட்டுக்காரர். சோறு போடும்போது மெதுவாகச் சொன்னேன்.

"அது கலர் படமே இல்லீங்க. கருப்பு வெள்ளை. துண்டு இன்னா கலருன்னு எப்படித் தெரியும்?"

"போஸ்டருல கலரா இருக்குதே?"

"போஸ்டரு மட்டுந்தாங்க கலரு. படத்துல கேவலப்படறது அந்த நடவுக்காரிதாங்க."

"இப்பப் போயி இதச் சொன்னா என்னப் பாத்து சிரிப்பானுங்க. கம்முனு சோத்தப் போடு."

அவரிடமே அவ்வளவுதான் பேச முடிந்தது. கூட்டத்தில் போய் நான் எங்கே பேச? செட்டுப் பெண்கள் வாசலுக்கே வந்து திட்டினார்கள். "ஒன் வூட்டுக்காரரு வாயால வருசத்துப் படம் போச்சிடி!" நிலத்துக்காரர் படத்துக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு பொட்டலம் காராபூந்தி கொடுத்தார். கொட்டகையில் படமும் மாறிவிட்டது.

ஒதுக்கீடெல்லாம் வந்து வெகுகாலம் கழித்து, அதே படத்தை டிவியில் போட்டார்கள். செட்டில் பாதிப்பேர் அப்போது உயிரோடு இல்லை. என் வீட்டுக்காரர்தான் பக்கத்தில் இருந்தார். பண்ணையார் வந்தார், துண்டு சாம்பல் மாதிரி தெரிந்தது. இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் நடவுக்காரி சேற்றில் விழுந்தாள். தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"எப்படி வுழறா பாரு!" என்றவர், சிரித்து முடித்து, "இதுல ஒண்ணும் தப்பா இல்லியேடி" என்றார்.

நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.