முசுறு குடியேறிய எலுமிச்சை

மலாயாவில் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் செல்லப்பன் பால்வெட்டுக்காரன். காலில் ஆறாத புண் வந்து வேலைக்குப் போக முடியாமல் போனதும், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் கிரகோரி அவனை ஆஸ்பத்திரிக் கொல்லையிலிருந்த ஆறு எலுமிச்சை மரங்களைப் பார்த்துக்கொள்ள வைத்தார். காய்ச்சல்காரர்களுக்குச் சாறு வேண்டும். அவனுக்குச் சோறு வேண்டும்.

மரங்களில் முசுறு கூடு கட்டியிருந்தது. காய் பறிக்கும்போதெல்லாம் கழுத்தில் கடித்த அந்தச் செவ்வெறும்புகளை ஒரே நாளில் பந்தம் கொளுத்திக் கூண்டோடு எரித்தான். மரம் சுத்தமாகிவிட்டதென்று பெருமை வேறு.

அடுத்த துளிரில் குருவி எச்சம் போலப் புழுக்கள் ஒட்டியிருந்தன. சில நாளில் பச்சை பிடித்து விரல் பருமனாயின. தொட்டால் தலையில் கொம்பு நீட்டி நாறின. பொறுக்கிக் கொன்றால் மறுநாள் அதே கூட்டம். கிளைகள் மொட்டையாயின.

அது 1931. ரப்பர் விலை விழுந்து, வேலையில்லாதவர்களை ஊருக்குக் கப்பலேற்றப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"மரம் போச்சுன்னா ஒன்னை எதுக்கு வச்சிருக்கேன்னு தொரை கேப்பாரு. மாசக் கடைசிக்குள்ள துளிர் காட்டு," என்றார் கிரகோரி.

ஊரில் செல்லப்பனுக்கு யாருமில்லை. மனைவி காளியம்மா பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துக்குப் போய், ரம்புத்தான் பழத்தோப்பு வைத்திருந்த ஜாவாக்காரர் வாக் சாலேயிடம் கேட்டுவந்தாள்.

"எறும்பைக் கொன்ன வீரரே! அவரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. புழுவைத் தின்னுறதே முசுறுதானாம். வேணும்னே வளக்குறாரு."

"மறுபடியும் கடிக்குமே!"

"கப்பலுக்குக் கடி தேவலையில்ல?"

அவனால் மரமேற முடியாது. அவளே கைகளில் சாம்பல் பூசிக்கொண்டு ரம்புத்தானில் ஏறி, மூன்று கூடுகளைக் கிளையோடு வெட்டிச் சாக்கில் தள்ளினாள். சாக்கின் வாயைக் கட்டுமுன் எறும்புகள் ரவிக்கைக்குள் புகுந்துவிட்டன. இறங்கியவள் சேலையோடு போய் வாக் சாலேயின் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்துவிட்டாள்.

கூடுகளை எலுமிச்சையில் கட்டி, மரத்துக்கு மரம் பிரம்பு இழுத்து எறும்புக்கு வழி போட்டான் செல்லப்பன். மூன்றாம் நாள், ஒரு பச்சைப் புழுவை இருபது எறும்புகள் இழுத்துப் போவதைக் குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

மாதக் கடைசியில் துளிர் வந்தது. இலையைத் திருப்பிப் பார்த்த கிரகோரி கையை உதறினார்.

"அம்மாடி, என்னா கடி! சரி, ஒம் பேரை எழுதல, போ."

செல்லப்பன் போகவில்லை. "ஐயா, காளியம்மா கையெல்லாம் சொறிஞ்சு புண்ணாக் கெடக்கு. மருந்து குடுங்க."

வீட்டில் புண்ணைக் கழுவி அவனே மருந்து போட்டான்.

"விடுங்க, நானே போட்டுக்கறேன்."

"சும்மா இரு. நீ ஏறலன்னா நாம இந்நேரம் கடல்ல."

முதல் பறிப்பில் ஒரு கூடைக் காய் வாக் சாலே வீட்டுக்குப் போனது. பறிக்கும்போது முசுறு நன்றாகவே கடித்தது. செல்லப்பன் தட்டிவிட்டுக்கொண்டு பறித்தான்.